அட்டையில் இடமில்லாத பெயர்கள்

ஒலிப்பதிவாளர் ஒருவரை மதுரைக்கு அழைத்து வருவது, காரம் ஒத்துக்கொள்ளாதவரைக் கல்யாணப் பந்திக்குக் கூட்டிவருவது போன்றது. முதல் நாள் விடியுமுன்பே அதை உணர்ந்தேன். திருநகரில் என் அண்ணன் வீட்டு மாடியில் யோகான் சம்மணமிட்டு அமர்ந்து, காதுகளில் ஹெட்போன் கவசத்தை மாட்டிக்கொண்டு, ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் ஒலிபெருக்கி, பால்காரரின் சைக்கிள் மணி, திருமங்கலம் சாலையில் போகும் பேருந்துகளின் ஏர் ஹாரன், பக்கத்து வீட்டு மோட்டார். கவசத்தைக் கழற்றிவிட்டு, “இந்த ஊரில் அமைதி எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் அந்தச் சரக்கை அங்கே நான் தேடியதில்லை.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர நூலகத்தின் இசைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனம் ‘மறைந்துவரும் ஒலிகள்’ என்று ஒரு வரிசையை வெளியிட்டுவந்தது. பல நாடுகளின் இசை அதில் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் நாயனமும் தவிலும் பம்பையும் உறுமியுமாக வாசிக்கப்படும் நையாண்டி மேளத்தையும் சேர்க்க முடிவுசெய்தார்கள். மதுரைக்காரி என்பதால், ஒலிப்பதிவாளர் யோகானோடு மொழிபெயர்ப்பாளராகப் போகச் சொன்னார்கள். உடனே சம்மதித்தேன். எந்த ஊரிலும் என்னால் நெடுநேரம் நிலைத்து உட்கார முடிவதில்லை. ரோட்டர்டாமில் மழை பெய்தால் மதுரை வெயில் நினைவுக்கு வரும். மதுரைக்கு வந்த இரண்டாம் நாளே, விட்டுவந்த வீட்டு ஜன்னலைச் சரியாகச் சாத்தினேனா என்று மனம் அங்கே ஓடும்.

எங்கள் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் குஜராத்திலிருந்து வந்த நெசவாளர்கள். வெளியில் தமிழ், வீட்டுக்குள் சௌராஷ்டிரம். அப்பளம் நொறுங்கும்போதெல்லாம் யோகான் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பதைப் பார்த்த அண்ணி, எங்கள் வீட்டு மொழியில் என்னிடம் கேட்டாள்: “இவர் சாப்பிட வந்தாரா, சாப்பாட்டைக் கேட்க வந்தாரா?” நான் சிரித்ததைக் கண்டு அது என்ன மொழி என்று அவர் விசாரித்தார். சொன்னதும் ஆர்வமாகி, அந்த மொழியில் அண்ணி பாடும் தாலாட்டு ஏதாவது உண்டா என்றார். பிள்ளைகளைத் தூங்கவைக்க டேப் ரெக்கார்டரில் சினிமாப் பாட்டுத்தான் போட்டதாக அண்ணி சொன்னாள். அதை மொழிபெயர்த்தபோது யோகானின் முகத்தில், நம்பி வந்த கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டதைப் போன்ற ஓர் ஏமாற்றம் தெரிந்தது.

அன்று மாலை நகருக்குள் ஒரு கேசட் கடைக்குப் போனோம். வாசலில் முள்ளுமுருங்கை வடை பொரிந்துகொண்டிருந்தது. அதைச் சூடாகத் தின்றபடியே கடைக்காரரிடம் நையாண்டி மேளம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கா, காதுகுத்துக்கா, சாமி ஊர்வலத்துக்கா, அக்கா?”

“சும்மா கேட்பதற்கு.”

“சும்மா கேக்குறதுக்குன்னு இங்க யாரும் வாங்குறதில்லயே” என்று சொன்னாலும், உள்ளே குனிந்து இரு கைகளிலும் அள்ளி மேசைமேல் கொட்டினார். “இம்புட்டும் இந்த வருசம் வந்ததுதான்.”

ஒவ்வோர் அட்டையிலும் வட்டங்களுக்குள் கலைஞர்களின் புகைப்படங்கள், இனிஷியலோடு பெயர்கள், ஊர், பட்டம். சிலர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். யோகான் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மறைந்துவருவதாகத் தெரியவில்லையே” என்றார். வரிசைக்குப் பெயர் வைத்தது நானல்ல என்றேன்.

மறுநாள் உசிலம்பட்டிப் பேருந்தில் ஏறினோம். அந்தப் பக்கத்தில் நல்ல பேரெடுத்த குழு சோலைராசுவுடையது என்று கேசட் கடைக்காரர் சொல்லியிருந்தார். யோகான் தம் ஒலிவாங்கியை மடியில் வைத்திருந்தார். காற்றொலி புகாமலிருக்க அதன்மேல் சாம்பல் நிறச் செயற்கை மயிர் உறை போட்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கோழிக்கூடையோடு அமர்ந்திருந்த பெண்மணி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏந்தாயி, அது உசுரோட இருக்கா?”

“அது மைக்.”

“மைக்குக்கு எதுக்கு சட்ட? இந்த வெயில்ல?”

செக்கானூரணி தாண்டியதும் டயர் வெடித்தது. அனைவரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். நடத்துநரும் ஓட்டுநரும் சக்கரத்தைக் கழற்ற, பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ரோட்டர்டாமில் ரயில் சற்றுத் தாமதமானாலும் நடைமேடையில் ஒருவரும் ஒருவரோடும் பேசாமல் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே சக்கரம் மாட்டி முடிவதற்குள் யோகானுக்கு மணமாகிவிட்டதா, அவருடைய ஊரில் மழை எப்படி, அங்கே மாடு உண்டா என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டுவிட்டன. அவரோ பேச்சைவிடச் சக்கரத்து நட்டுகள் விழும் ஒலியையே பதிவுசெய்துகொண்டிருந்தார்.

சோலைராசுவின் வீடு உசிலம்பட்டியை அடுத்த மானாவாரிக் காட்டின் ஓரத்தில் இருந்தது. நாற்பது வயதிருக்கும், சுருக்கமாகப் பேசுபவர், நாயனக்காரர். அவருக்கும் சேர்த்துப் பேசுபவர் அவர் மனைவி பஞ்சவர்ணம். குழுவுக்கு வரும் அழைப்புகளுக்குத் தேதி கொடுப்பவர் அவர்தான். ஊர்ச் சந்தியில் மைக்செட் கடை வைத்திருக்கும் காதரின் தொலைபேசிக்கு அழைப்பு வரும், காதர் ஆளனுப்புவார், பஞ்சவர்ணம் போய்ப் பேசி முடிப்பார்.

வழக்கப்படி வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன். பஞ்சவர்ணம் அதை வாங்கவில்லை.

“என்ன விசேசங்க்கா?”

“விசேஷம் எதுவுமில்லை. பதிவு செய்யத்தான்.”

“விசேசமில்லாம வெத்தல வாங்கி என்னத்த வாசிக்க? சாமிய அழைக்கிறதா, பொண்ண அழைக்கிறதா?”

நிறுவனத்தின் எண்ணத்தை விளக்கினேன். ‘மறைந்துவரும்’ என்ற சொல்லை மென்மையாக்க முயன்றும் அது வந்துவிட்டது. பஞ்சவர்ணம் யோகானை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு மறையிறது? சித்திரையிலயும் வைகாசியிலயும் எங்களுக்கு ஒரு நாளு ஒழியல. வீட்டுக்கு வந்து படுத்தாத்தான் இவரு மொகத்தையே பாக்குறேன். நல்லா மறஞ்சாரு.” அருகில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த மொக்கராசு சிரித்துக் குப்புற விழப் பார்த்தார்.

அதன் பிறகுதான் சோலைராசு வாய் திறந்தார். கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு திருவிழாவில் யாரோ அவர்கள் வாசிப்பைப் பதிவு செய்து கேசட்டாக வெளியிட்டார்களாம். அதில் பெயரில்லை. வேறொரு குழு அது தங்கள் வாசிப்பென்று சொல்லி ஊர் ஊராகத் தேதி வாங்கியது. “எங்க கேசட்ட எங்ககிட்டயே போட்டுக்காட்டி, இந்த மாதிரி வாசிப்பியளான்னு கேட்டாகக்கா” என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கப்பாவுக்குப் பேரு இருந்துச்சு. ஆனா பண்ணைக்காரவுக ‘ஏய் மேளம்’னுதான் கூப்புடுவாக. பேரு போடுறதா இருந்தா வாசிக்கிறோம். ஆறு பேரு பேரும் வரணும். இல்லாட்டி வேணாம்.”

போடுவார்கள் என்றேன். யாரையும் கேளாமல் நானே கொடுத்த வாக்கு அது. ஒரு புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருப்பதைப் போல அது இயல்பானது என்றே எனக்குத் தோன்றியது. பஞ்சவர்ணம் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, எங்கள் கையில் சீரணி மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தார். மாலையில் மதுரை திரும்பியதும் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து ஆறு பெயர்களையும் நிறுவனத்துக்குத் தொலைநகலில் அனுப்பினேன்.

பதிவுக்குக் கோச்சடையில் வைகைக் கரையோரம் அண்ணனின் நண்பருக்குச் சொந்தமான தென்னந்தோப்பைத் தேர்ந்தெடுத்தோம். சத்தமில்லாத, ஆளரவமற்ற இடம் என்பதைக் காதரிடம் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். குறிப்பிட்ட காலையில் ஆட்டோவில் போகும்போது, ஒரு சுவரில் சோலைராசுவின் முகத்தைப் பார்த்தேன். அடுத்த சுவரில் மொக்கராசு. அதற்கடுத்ததில், கறுப்புக் கண்ணாடியோடு யோகான். நாங்கள் உசிலம்பட்டி போன அன்று காதர் எடுத்த புகைப்படம். ‘அயல்நாட்டு அறிஞர் முன்னிலையில் மாபெரும் ஒலிப்பதிவு விழா, அனைவரும் வருக’ என்று சுவரொட்டி அழைத்தது. ஒலி ஒளி அமைப்பு என்று கீழே காதரின் பெயரும் இருந்தது.

தோப்பில் உட்கார இடமில்லை. மதுரையில் காதுகுத்துக்கும் சுவரொட்டி உண்டு, இரங்கலுக்கும் உண்டு. இத்தனை பெரிய காரியத்துக்கு ஒட்டாமல் விட்டால் குழுவை யார் மதிப்பார்கள்? காதர் ஜெனரேட்டரோடும் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளோடும் வந்திருந்தார். யாரோ பெரிய அண்டாவில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அமைதியான இடம் கேட்டேனே” என்றேன், பஞ்சவர்ணத்திடம்.

“எடம் அமைதியாத்தானக்கா இருந்துச்சு. ஆளில்லாத தோப்புல ஆறு பேரு மேளம் அடிச்சா, கிறுக்குப் பயலுகன்னுல்ல சொல்லுவாக? இப்ப விசேசமாயிருச்சு பாருங்க.”

யோகான் ஒலிவாங்கியை வெளியே எடுக்கவே இல்லை. ஜெனரேட்டரின் இரைச்சலைக் கண் மூடிக் கேட்டார். பிறகு தொன்னையில் பொங்கலை வாங்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். மேளம் அன்று அற்புதமாக ஒலித்தது. அதில் ஒரு நொடிகூட நாடாவில் இல்லை.

அன்று பிற்பகல் பூத்துக்குப் போனபோது நிறுவனத்தின் பதில் காத்திருந்தது. தனிப்பட்ட பெயர்கள் வாங்குவோரைக் குழப்பும். அட்டையில் இடமும் இல்லை. ‘மதுரைச் சமவெளியின் மரபிசைக் கலைஞர்கள்’ என்றிருந்தால் போதும். அந்த வாசகத்தை நடைபாதையில் நின்று இருமுறை படித்தேன். ரோட்டர்டாமின் இசைத்தட்டுக் கடைகள் என் கண்முன் வந்தன. எல்லா அலமாரிகளும் கலைஞர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியவை. உலக இசை என்று எழுதிய ஒன்றில் மட்டும் வரிசை நாடுகளின் பெயரால். அங்கே மனிதர்கள் வாசிப்பதில்லை, நாடுகள் வாசிக்கின்றன. எங்கள் நூலகத்திலேயே அந்த நிறுவனத்தின் தலைவர் ஒரு மாலையில், காப்பிக் கோப்பையோடு, இசையின் நீடித்த வாழ்வைப் பற்றியும் பண்பாட்டுப் பன்மையைப் பற்றியும் உண்மையான உருக்கத்தோடு பேசியிருந்தார். நானும் கைதட்டினேன். எது நீடிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. யாரால் அது நீடிக்கிறது என்ற கேள்வி அந்த அறையில் எழவில்லை. தேதி கேட்டு ஒருவர் வருவதற்குப் பெயர் வேண்டும்; தேதி இருக்கும் வரையில்தான் தவிலுக்குப் புதுத் தோல் கட்டுவார்கள்.

மறுநாள் பேருந்தில் உசிலம்பட்டி வரை, அந்தப் பதிலைக் காட்டியதற்கு மேல் யோகானோடு நான் பேசவில்லை. சோலைராசுவின் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். நிறுவனத்தின் பதிலைச் சொல்லிவிட்டேன். சோலைராசு நாயனத்திலிருந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி, துணியில் சுற்றி, பைக்குள் வைத்தார்.

“அட்டையில அம்புட்டுச் சின்ன எடமா?” என்றார் மொக்கராசு. “அங்க ஊரே சின்னதாத்தான் இருக்கும் போல.”

நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன் யோகான் பேசினார். அட்டையில் எது வரும் என்பதைத் தாம் முடிவுசெய்ய முடியாது. தம் பொறுப்பு நாடா மட்டுமே. நாடாவில் இருப்பதை அவர்கள் தம்மைக் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். வாசிப்பின் நடுவே கத்திவைக்கத் தாம் விட்டதில்லை. தொடக்கத்திலோ முடிவிலோ பேச்சிருந்தால் மட்டும் நறுக்கிவிடுவார்கள். இதை அவர் ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்பவரைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

பஞ்சவர்ணம் என்னிடம், “நடுவுல இருந்தா வெட்ட மாட்டாகளா?” என்றார்.

“மேளம் நிற்காமல் போனால் வெட்ட முடியாதாம்.”

“அப்ப பைய எடுத்து வெளிய வையிங்க” என்றார் கணவரிடம். “அட்ட அவுகளுது. நாடா நம்மளுதுல்ல?”

சந்தை கூடாத நாளாதலால் மாட்டுச் சந்தைத் திடல் காலியாக இருந்தது. முளைக்குச்சிகள், காய்ந்த சாணம், நான்கைந்து வேப்பமரங்கள். டீக்கடையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு கூட்டமாவது வேண்டுமென்பதில் பஞ்சவர்ணம் பிடிவாதமாக இருந்தார். காதர் ஒலிபெருக்கி இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். முகத்தில் அந்த வருத்தம் தெரிந்தது. யோகான் மயிர் உறையைச் சரிசெய்து, ஒலிவாங்கியைத் திடலின் நடுவில் நிறுத்தினார்.

தவில் இரண்டும் எடுத்துக் கொடுக்க, பம்பை சேர, உறுமியின் இழுவை அடியில் ஓடத் தொடங்கியது. நாயனம் வெயிலைக் கீறிக்கொண்டு ஏறியது. அப்படியே நெடுநேரம். பிறகு சோலைராசு மூச்சு வாங்க நாயனத்தை இறக்கினார். மற்ற ஐவரும் நிறுத்தவில்லை. பஞ்சவர்ணம் முன்னே வந்தார். காட்டில் தூரத்து ஆளைக் கூப்பிடும் குரல் அது. அடிக்கும் அடிக்கும் நடுவே இடம் பார்த்து விழுந்தது.

“நாயனம் சோலைராசு. தவிலு மொக்கராசு, தவிலு செல்லக்கண்ணு. பம்ப பால்ச்சாமி. உறுமி தவமணி. தாளம் சின்னக்காளை. உசிலம்பட்டி. தேதி வேணும்னா பஞ்சவர்ணத்தக் கேளுங்க.”

கடைசி வரி வீட்டில் பார்த்த ஒத்திகையில் இல்லாதது. தவமணியின் கை ஒரு கணம் சிரிப்பால் தடுமாறிப் பின் உறுமியை இன்னும் அழுத்தி இழுத்தது. நாயனம் மறுபடி ஏறியது. முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. யோகான் கையுயர்த்தி எல்லோரையும் அசையாமல் நிறுத்தியிருந்தார். வேப்பமரத்துக் காகம் ஒன்று மட்டும் அவருக்குக் கட்டுப்படவில்லை.

ரோட்டர்டாம் திரும்பிய பின் மழைக்காலம் முழுவதும் செய்தியில்லை. நூலகத்தில் நாற்காலியில் உட்கார முடியாமல், அலமாரிகளுக்கிடையே நடந்தபடியே வேலை பார்த்தேன். ஒரு நாள் நிறுவனத்திலிருந்து இசைத்தட்டோடு வரும் குறிப்பேட்டின் அச்சுப்படி வந்தது. பெயர்களை வெட்டவில்லை, யோகான் சொன்னபடி நாடாவைக் காப்பாற்றியிருந்தார். உள்ளே ஒரு பேராசிரியரின் விளக்கம்: வாசிப்பின் உச்சத்தில் பூசாரிணி ஒருத்தி குலதெய்வங்களை ஒவ்வொன்றாக விளித்து அழைக்கிறாள், தொன்மை மிக்க சடங்கின் எச்சம் இது. அந்த மந்திரத்தின் மொழிபெயர்ப்பைத் தந்து உதவுமாறு அடியில் ஒரு கோரிக்கை. வாங்குவோர் பாடல் வரிகளை விரும்பிப் படிப்பதால் அதற்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

அன்றிரவே ஆங்கிலத்தில் எழுதினேன். மொழிபெயர்ப்பில் என் நெறி எளியது: ஒன்றையும் கூட்டுவதில்லை, ஒன்றையும் குறைப்பதில்லை. ஆறு பெயர், ஆறு கருவி, ஓர் ஊர், தேதிக்கு யாரைக் கேட்பது என்று ஒரு வரி. மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசினார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“தெய்வங்கள் எங்கே?”

“அவர்கள் அன்று வரவில்லை” என்றேன். பேராசிரியரின் விளக்கத்தை எடுத்துவிட்டார்கள். பாடல் வரிகளின் பக்கம் அப்படியே அச்சாயிற்று. வெண்மையான பக்கத்தின் நடுவில், கவிதையைப் போல் வரிவரியாக.

இரண்டு படிகளைக் காதரின் கடை முகவரிக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றிய நாளில் தொலைபேசியில் அழைத்தேன். காதர் ஆளனுப்பினார். பின்னணியில் பேருந்து ஹாரனும் ஒரு பக்திப் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சவர்ணம் மூச்சிரைக்க வந்தார்.

“வந்துச்சுக்கா. இங்கிலீசு தெரிஞ்ச பயலக் கூப்புட்டு வாசிக்கச் சொன்னோம். ஆறு பேரும் இருக்காக. இவரு அதக் கண்ணாடி போட்டு மாட்டணுங்குறாரு.” பிறகு குரல் கணக்குக்கு வந்தது. “யாராச்சும் தேதி கேட்டாகளா?”

இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

“எப்படிக் கேப்பாக? பேரு மட்டும் இருந்தா எங்கிட்டு வந்து தேடுவாக? அடுத்த தடவ காதரண்ணே கட போன் நம்பரையும் சேத்துச் சொல்லிப்புடுறேன். அந்த வெள்ளக்காரர வரச் சொல்லுங்க. வைகாசி மட்டும் வேணாம், நாளு ஒழியாது. ஆனியில வாங்க.”

தொலைபேசியை வைத்த கையோடு யோகானை அழைத்தேன். ஆனி மாதம் உங்கள் கணக்கில் ஜூன் நடுவில் தொடங்கும் என்று சொல்லி, அப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.